முட்டுக்கட்டை

ஒன்றும் நடக்கவில்லை.
அதைச் சொல்லத்தான் கூச்சம்.
ஒன்பதாவது கொண்டை ஊசியில்
பனிமூட்டத்துக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது ஒரு பஸ்.
நான்கு விரற்கடை இடைவெளி.
அவன் திட்டினான், நான் திட்டினேன்,
கேரட் மூட்டை ஒன்றுகூடச் சரியவில்லை.

மறுநாளிலிருந்து
பத்தாவது பலகையைக் கண்டாலே
நெஞ்சுக்குள் யாரோ
தப்பான கியரில் வண்டியை முறுக்குகிறார்கள்.
குன்னூர் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்தார்கள்.
கோடு நன்றாகத்தான் ஏறி இறங்கியது,
மலைப்பாதை மாதிரி.
ஆறாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

பெர்சில்லா மேடம்
நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்றார்.
சொல்லிப் பார்த்தேன்.
மூன்று இடத்தில் பிரேக் போடவேண்டியிருந்தது.

கண்ணை மூடுங்கள், அந்த பஸ் என்ன நிறம்?
பச்சை.
எவ்வளவு பெரிசு?
கண்ணாடி முழுக்க.
நிறத்தை உருவிவிடுங்கள்.
உருவினேன்.
சின்னதாக்குங்கள், தள்ளி வையுங்கள், இன்னும், இன்னும்.
தீப்பெட்டி அளவுக்கு ஆக்கி
பக்காசுரன் மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தேன்.
அங்கே எப்போதும் மேகம்.

‘சாகப்போறே’ என்கிறதே ஒரு குரல், அது யாருடையது?
என்னுடையதுதான் மேடம்.
வேறு குரல் கொடுத்துப் பாருங்கள்.
ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளுக்கு வரும்
ஆட்டோ ஒலிபெருக்கியின் குரலைக் கொடுத்தேன்:
பழைய சாவு, ஓட்டை சாவு, உடைஞ்ச சாவு,
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளப்படும்.
மேடம் சிரித்தார்.
சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

அப்புறம் நங்கூரம்.
நிம்மதியாக இருந்த ஒரு நேரத்தை நினைக்கவேண்டும்,
அது நிறையும்போது
கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து அழுத்தவேண்டும்.
கடற்கரை, கோயில், எதுவானாலும் சரி என்றார்.
எனக்கு வந்தது கேத்தி பாலாடா.
கேரட் கழுவும் டிரம் உருள்கிறது,
சேறு போய்ச் செம்மஞ்சள் எட்டிப் பார்க்கிறது,
சாக்கின்மேல் நான்,
கையில் கட்டன் டீ,
லோடு ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
அழுத்தினேன்.

வீட்டில் வேலை செய்தது.
டீக்கடையில் செய்தது.
ஒன்பதில் இல்லை.
ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில்,
எந்த விரலை எந்த விரலோடு சேர்ப்பது?
நங்கூரம் கடல்காரர் சமாசாரம்.

அன்று ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.
கிளீனர் ஆலன் எதுவும் கேட்கவில்லை.
வழக்கம்போலக் குதித்து இறங்கி
முன்சக்கரத்தடியில் கல்லைச் சொருகினான்.
டக்.
ஆறு டன் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து
அந்தக் கல்லில் முட்டி
மூச்சு விட்டது.
நானும்.

எங்கள் வீட்டில்
குறுக்கே நிற்கிறவனுக்கு அந்தப் பெயர்.
பத்திரம் எழுதும் விஷயத்தில்
மாமனார் என்னையே சொல்லியிருக்கிறார்,
நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை என்று.
சரிவில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது,
அது இல்லாத வண்டி
இந்நேரம் எங்கே இருக்கும் என்று.

அடுத்த வாரம் மேடத்திடம் சொன்னேன்.
விரல் வேண்டாம், சத்தம் போதும்.
நாக்கை அண்ணத்தில் ஒரு தட்டு,
டக்,
உடனே கல், கல்லுக்குப் பின்னால் கேரட் டிரம்.
நோட்டில் எழுதிக்கொண்டார்.
இது புத்தகத்தில் உண்டா என்று கேட்டேன்.
இப்போது உண்டு என்றார்.

நேற்று ராத்திரி மறுபடி மூட்டம்.
பத்து.
உள்ளங்கை நனைந்தது, அதில் மாற்றமில்லை.
டக்.
ஆலன் திரும்பினான்:
‘யாரைண்ணா கூப்பிடுறீங்க?’
ஒன்பதில் எதிரே ஒரு பஸ்.
தீப்பெட்டி இல்லை,
முழு பஸ், முழுப் பச்சை,
ஜன்னலோரம் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.
ஏறுகிறவனுக்கு முதல் வழி.
ஒதுங்கினேன், விளக்கைத் தணித்தேன்,
அவன் கை தூக்கிவிட்டுப் போனான்.

பேண்ட்டில் கையைத் துடைத்தேன்.
எட்டு.